நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வீடு

மலேசியாவில் எங்கள் புலாவ் செபாங்குக்கு யாரும் ஆசைப்பட்டுக் குடிவருவதில்லை. பிறந்தவர்கள் இருப்போம், கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள் வருவார்கள். ரயில்வேயிலோ பள்ளிக்கூடத்திலோ மாற்றல் கிடைத்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, மூன்று வருஷத்தில் சிரித்த முகத்தோடு கிளம்பிவிடுவார்கள். நான் பிறந்த ஊரை நானே குறை சொல்லக் கூடாது. ரயில் நிலையம் இருக்கிறது, சுற்றி ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் இருக்கின்றன, கொஞ்ச தூரம் நடந்தால் தாம்பின், அது வேறு மாநிலம். ஆனால் படித்து, நல்ல வேலை கிடைத்து, சொந்தக் காரும் வைத்திருக்கிற இருபத்தேழு வயதுப் பெண் இங்கே வீடு தேடி வந்தாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும். அந்தக் காரணத்தில் எனக்கும் பங்கு உண்டு.

என் பெயர் ஷாந்தினி. தொண்டு அமைப்பு ஒன்று இங்கே நடத்தும் டயாலிசிஸ் சென்டரில் பதினோரு வருஷமாக முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸ் இல்லை, ஊசியைக் கண்டால் எனக்கே மயக்கம் வரும். போன் எடுப்பது, பெயர் பதிவது, யாருக்கு எந்த நாற்காலி என்று பார்ப்பது, ஏர்கான் குளிர்கிறது என்று எல்லாரிடமும் திட்டு வாங்குவது, இதெல்லாம் என் வேலை. மொத்தம் ஒன்பது நாற்காலி. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம், அதில் உட்கார்ந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். ஒரு தடவை தவறினால் காலில் நீர் கட்டும். இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். மூன்றாவது தடவையைப் பற்றி எங்கள் சென்டரில் பேசுவதில்லை.

அதனால் நாற்காலி கிடைத்தவர் அதை விடமாட்டார். அது காலியாக வேண்டுமென்றால் அவருக்கு யாராவது சிறுநீரகம் கொடுக்க வேண்டும், அல்லது அவர் ஊரை விட்டுப் போக வேண்டும், அல்லது உலகத்தை விட்டே போக வேண்டும். சிறுநீரகம் கிடைத்துப் போனவர்களை இந்தப் பதினோரு வருஷத்தில் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

கலைமகள் முதன்முதலாகப் போன் செய்தது மே மாதக் கடைசியில். காலை எட்டேகால் மணி. நான் அப்போதுதான் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்திருந்தேன்.

“வணக்கம்கா, பாகான் செராயிலேருந்து பேசறேன். எங்கம்மாவுக்கு அங்க ஒரு எடம் கெடைக்குமா?”

“இப்ப இல்லம்மா. லிஸ்ட்ல பேர் எழுதிக்கறேன். ஆமா, வடக்க பேராக்ல இருக்கறவங்களுக்கு இங்க எதுக்கு எடம்?”

கேட்டிருக்கக் கூடாது. நாசி லெமாக் ஆறிப்போகும்வரை சொன்னாள். அப்பா போய்ப் பத்து வருஷம். அம்மா கோமளாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடக் கேண்டீனில் இருபது வருஷம் சமைத்து மகளைப் படிக்க வைத்தவர், நாலு வருஷமாக டயாலிசிஸில் இருக்கிறார். கலைமகள் ஒரே பிள்ளை. நாலு வருஷம் ஒப்பந்த வேலையாகவே பார்த்து அலுத்தவளுக்கு, மஸ்ஜித் தானா பக்கத்தில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. தரம் சரிபார்க்கும் வேலை. ஆகஸ்டு மூன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை இன்னொருவருக்கு. அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வர முடியாது. நாற்காலி இல்லாமல் கூட்டிக்கொண்டும் வர முடியாது.

வேலைக்கான நேர்காணலுக்கு வந்தபோதே அவள் வீடு பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். மஸ்ஜித் தானாவிலேயே இருந்துவிடு, பத்து நிமிஷத்தில் வேலைக்குப் போகலாம் என்று ஒருவர். அங்கே நம்மவர்கள் கொஞ்சம் பேர்தான், வயசுப் பொண்ணு, மலாக்கா டவுனில் இரு என்று இன்னொருவர். மலாக்காவில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடும் பார்த்துவிட்டாள். முன்னால் சின்னப் பூங்கா, பின்தெருவில் பேட்மின்டன் கோர்ட், நடக்கிற தூரத்தில் கோயில், விடுமுறை நாளில் வெளியே போய்ச் சாப்பிட எத்தனையோ கடை. அந்த வீட்டுப் படத்தை இன்னமும் போனில் வைத்திருக்கிறாள். ஆனால் மலாக்காவில் உதவித் திட்டத்தில் நடக்கும் சென்டர்கள் நாலும் நிறைந்திருந்தன. தனியார் சென்டருக்கு அவள் சம்பளம் பத்தாது. மஸ்ஜித் தானா பக்கமும் இடமில்லை. அப்படித் தேடித் தேடித்தான் எங்கள் எண்ணைப் பிடித்தாள்.

மற்றவர்கள் வீட்டைப் பிடித்துவிட்டுப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவள் நாற்காலி கிடைக்கிற ஊரில் வீடு இருக்கிறதா என்று பார்த்தாள். எந்த ஊரானாலும் சரி என்றாள். எங்கள் ஊர் பெயரைக்கூட முதல் நாள் சரியாகச் சொல்லவில்லை.

மறுநாளும் எட்டேகாலுக்குப் போன். அதற்கு மறுநாளும். “வணக்கம்கா, சாப்ட்டீங்களா? எடம் ஏதும்...” “இல்லம்மா.” “சரிக்கா.” இப்படித் தினம் அடிப்பவர்கள் எனக்குப் புதிதில்லை. முதல் இரண்டு வாரம் எல்லாரும் அடிப்பார்கள், பிறகு அலுத்துவிடுவார்கள். இவளுக்கு அலுக்கவே இல்லை. எனக்குத்தான் எரிச்சல் வந்தது. என்ன நடந்தால் இடம் காலியாகும் என்று கேட்கிறவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. ஏதோ ரயில் டிக்கெட் விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள், நானும் அப்படியே பதில் சொல்வேன்.

ஜூன் கடைசியில் ஒருநாள் நான் பொறுமை இழந்து, “நான்தான் கூப்பிடறேன்னு சொன்னேனேம்மா, தெனம் எதுக்கு அடிக்கற?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் சொன்னாள்: “நான் என்ன கேக்கறேன்னு எனக்குத் தெரியுதுக்கா. மன்னிச்சிடுங்க. ஆனா நாளைக்கும் கேப்பேன்.”

அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை ரயிலேறி வந்து இறங்கினாள். ஒல்லியான பெண், முதுகில் பை, காலில் விளையாட்டுக் காலணி. என் மேசைக்கு எதிரே உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தேன். மேசைக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் நாற்காலிகள். அவள் மைலோவைக் குடித்துக்கொண்டே ஒன்பது பேரையும் ஒருவர் ஒருவராகப் பார்த்தாள். யாருக்கு முகம் வீங்கியிருக்கிறது, யார் ரொம்ப இளைத்திருக்கிறார், யாருக்கு வயது அதிகம். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். தான் பார்த்த விதம் தனக்கே தெரிந்துபோய், காதுவரை சிவந்துவிட்டாள். ஏழாம் நாற்காலியில் குஞ்சம்மா அக்கா இருந்தார். வாசலில் யார் தலை தெரிந்தாலும் கையாட்டுகிற மனுஷி. இவளைப் பார்த்தும் சிரித்துக் கையாட்டினார். இவளும் திரும்ப ஆட்டினாள். ஆட்டிய கையைப் பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு வீடு பார்க்கக் கிளம்பினோம். சென்டருக்குப் பின்வரிசையில் ஹனிபா பாயின் மளிகைக் கடை. மாடி வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. இரண்டு அறை, நல்ல காற்று, ஜன்னலைத் திறந்தால் ரயில் போவது தெரியும். எனக்கே அந்த மாடிமேல் ஒரு கண் உண்டு. கலைமகள் மாடிக்கு ஏறவே இல்லை. படியை மட்டும் எண்ணினாள். பதினெட்டு.

“கீழ பின்னால என்ன இருக்கு பாய்?”

“அரிசி மூட்ட இருக்கு. மனுசன் இருக்கற எடமில்லம்மா அது.”

“அரிசி மாடியில இருக்கக் கூடாதா?”

ஹனிபா பாய் என்னைப் பார்த்தார், இந்தப் பெண்ணை எங்கே பிடித்தாய் என்று கேட்பதுபோல. “பதினெட்டுப் படி அரிசிய யாரு தூக்கறது?”

“எங்கம்மாவ யாரு தூக்கறது பாய்?”

பாய் கடையை மகன் நயீமிடம் விட்டுவிட்டு எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனார். இருட்டு. சாக்கு வாடை. பக்கத்தில் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வேறு. ஆனால் தரை சமமாக இருந்தது, குளியலறை உள்ளேயே இருந்தது. கலைமகள் சென்டர் வாசலிலிருந்து அந்தப் பின்கதவுவரை நடந்து எண்ணினாள். நூற்று முப்பத்தாறு காலடி. விடியற்காலையில் அம்மாவைச் சென்டரில் விட்டுவிட்டு அவள் மஸ்ஜித் தானாவுக்கு முக்கால் மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். பதினோரு மணிக்கு ஊசியைக் கழற்றியபின் அம்மா தனியாகத்தான் வீடு திரும்பவேண்டும். தலைசுற்றிக்கொண்டு வருகிற ஆள் எவ்வளவு தூரம் நடப்பார் என்பதுதான் அவளுடைய கணக்கு. பூங்காவும் பேட்மின்டனும் அந்தக் கணக்கில் இல்லை.

அங்கேயே பாயிடம் முன்பணம் எடுத்துக் கொடுத்தாள். “நாற்காலியே இல்லாம வீட்டுக்கு முன்பணமா?” என்று கேட்டேன்.

“வீடாச்சும் ரெடியா இருக்கட்டும்கா,” என்றாள்.

ஊரைச் சுற்றிக் காட்டட்டுமா என்றேன். அதெல்லாம் அப்புறம் என்று ரயிலுக்கு ஓடிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை என் சொந்தப் போன் அடித்தது. புவனேந்திரன் அங்கிள், குஞ்சம்மா அக்காவின் கணவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நேரம் தவறாதவர். ஆறு வருஷமாகச் செவ்வாய், வியாழன், சனி காலையில் ஆறு மணிக்கு அக்காவைக் காரில் கொண்டுவந்து இறக்குவார்.

“ஷாந்தினி, செவ்வாக்கெழம அவ வரமாட்டா,” என்றார். சனிக்கிழமை ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டாராம். அவருக்கு முதலில் சொல்லத் தோன்றியது எங்கள் சென்டருக்கு. அன்று மாலையே அடக்கம், நாங்கள் எல்லாரும் போனோம்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு மேசைப் போன் அடித்தது. யார் என்று தெரியும். எடுத்து, “இல்லம்மா” என்றேன். பொய்தான். பதினோரு வருஷத்தில் நான் சொன்ன அந்த ஒரு பொய்க்கு எனக்கு வருத்தமில்லை. எங்கள் சென்டரில் ஒரு பழக்கம் உண்டு, விதியில் எழுதியது இல்லை. யாராவது போய்விட்டால் அவருடைய முறை வருகிற முதல் நாள் அந்த நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கமாட்டோம். செவ்வாய்க்கிழமை ஏழாம் நாற்காலி நாலு மணி நேரம் சும்மா இருந்தது. மற்ற எட்டுப் பேரும் அன்று தொலைக்காட்சியைப் போடச் சொல்லவில்லை.

புதன்கிழமை பட்டியலை எடுத்தேன். கலைமகளுக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் சிரம்பானில் இடம் வாங்கிப் போயிருந்தார். இன்னொருவருக்குச் சாயங்கால வேளைதான் வேண்டும், காலையில் கொண்டுவிட ஆளில்லை. முறை தவறவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அவளைக் கூப்பிட்டேன். ஆகஸ்டு மூன்றுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், “நன்றி சொல்லலாமாக்கா, சொல்லக்கூடாதாக்கா?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

ஆடி மாதத்தில் யாராவது குடிபோவார்களா என்று அவர்கள் சொந்தக்காரர்கள் குதித்தார்களாம். “என் கிட்னிக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா?” என்று கோமளா ஆன்ட்டி ஒரே கேள்வியில் வாயை மூடவைத்துவிட்டார். பால்கூடக் காய்ச்சாமல், இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார்கள். ஹனிபா பாய் பின்கட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். அரிசி மூட்டைகள் மாடிக்கு ஏறியிருந்தன. யார் தூக்கினார்கள் என்று நயீமின் முதுகைத்தான் கேட்க வேண்டும்.

தப்பு நடந்தது செவ்வாய்க்கிழமை காலையில். என் தப்பு. நோயாளிகள் யார், என்ன ஆனார்கள் என்று வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. அதைக் காப்பாற்றி வந்தவள்தான் நான். ஆனால் எங்களுக்குள் நாற்காலியை எண்ணால் சொல்கிற வழக்கமே கிடையாது. சிவசாமி நாற்காலி, ஜெயா நாற்காலி என்று ஆள் பெயரால்தான் சொல்லுவோம். கோமளா ஆன்ட்டியைக் கைபிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது வாய் தவறிவிட்டது.

“வாங்க ஆன்ட்டி, குஞ்சம்மாக்கா நாற்காலிதான் உங்களுக்கு.”

ஆன்ட்டி நின்றார். “குஞ்சம்மா எங்க?”

நான் நாற்காலியின் விரிப்பைச் சரி செய்தேன். நாலு வருஷமாக இப்படி ஓர் அறையில் உட்கார்ந்து எழுந்தவருக்குப் பதில் தேவையில்லை. நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தொட்டுவிட்டு உட்கார்ந்தார். நாலு மணி நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார். வீடு எங்கே, பிள்ளைகள் எத்தனை, பதினாறாம் நாள் காரியம் என்றைக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். வெளியே வரும்போது என்னிடம் சொன்னார்: “ஷாந்தினி, ஞாயித்துக்கெழம நீ போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போம்மா.”

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து கலைமகள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வந்தாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

“அக்கா, மலாக்கா சென்டர்லேருந்து கூப்ட்டாங்க. ஒரு எடம் காலியாம்.” பிறகு அவசரமாகச் சொன்னாள், “யாரும் எறந்து போவல. ஒருத்தருக்குக் கிட்னி கெடச்சிடுச்சாம். நல்லா இருக்காராம்.”

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அவள் பார்த்து வைத்த வீடும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். இவர்கள் போய்விடுவார்களே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. பழகிய ஒரு வாரத்தில் அந்த அம்மாவையும் பொண்ணையும் எனக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும், “போம்மா. அங்க ஒனக்கு எல்லாம் இருக்கு. இந்த அரிசிக் கொட்டாயில எத்தன வருசம் இருப்ப?” என்றேன். மனதார அல்ல, நியாயத்துக்காகச் சொன்னேன்.

“அம்மா ஞாயித்துக்கெழம அங்க போகணுங்கறாங்கக்கா,” என்றாள். “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது? ரெண்டு மாசமா தெனம் போன் அடிச்சேன். அவங்க எனக்குக் கையாட்டினாங்க. அந்த நாற்காலிதான்னு அம்மா சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. மலாக்காவுக்குப் போயிட்டா இதெல்லாம் வேணாம்ல?”

அம்மாவிடமும் இதையேதான் கேட்டாளாம். “நீ தெனம் போன் அடிச்சதாலதான் போகணும்,” என்று ஆன்ட்டி சொன்னாராம். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தாமானில் அங்கிள் வீடு. வாசலில் பந்தல், வரிசையாக மேசை, உள்ளே மாலை போட்ட படம். படத்திலும் குஞ்சம்மா அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கலைமகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

வாசலில் மகள் உஷாராணி நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். ஜொகூரில் ஆசிரியை. மாதத்துக்கு இரண்டு முறை வந்து அம்மாவுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போவாள்.

“வாங்க. நீங்க...?” என்று கோமளா ஆன்ட்டியைக் கேட்டாள்.

சொந்தம், சிநேகிதம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆன்ட்டிக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. “ஒங்கம்மா நாற்காலியில இப்ப நான்தாம்மா உக்காந்திருக்கேன். வந்து கும்பிட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

உஷாராணி முதலில் விளங்காமல் பார்த்தாள். விளங்கியதும் என் பக்கம் திரும்பினாள். “இன்னிக்குத்தான் பதினாறு. அதுக்குள்ள ஆள் வச்சிட்டீங்களாக்கா? எங்கம்மா அங்க ஆறு வருசம் இருந்தாங்க.” குரல் ஏறியது. அவள் கலைமகளைப் பார்த்தாள். “எப்ப சாவாங்கன்னு காத்திருந்தீங்களா?”

விதி, பட்டியல், முறை என்று நான் ஆரம்பிப்பதற்குள் கலைமகள் முந்திக்கொண்டாள்.

“ஆமாக்கா,” என்றாள். “காத்திருந்தேன். இவங்கன்னு நெனச்சுக் காத்திருக்கல. ஆனா யாராவது ஒருத்தர் போகணும்னு தெரிஞ்சேதான் தெனம் காலையில போன் அடிச்சேன். எங்கம்மாவுக்கு வேற வழி தெரியல.”

அழவில்லை, கையெடுத்துக் கும்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்கிற பிள்ளை மாதிரி நின்றாள். எனக்கு அவளை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. அதே நேரம் அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

புவனேந்திரன் அங்கிள் உள்ளேயிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மகளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கோமளா ஆன்ட்டியிடம் கேட்டார்: “செவ்வா, வியாழன், சனிதானே? காலையில?”

“ஆமாங்க.”

“அங்க ஏர்கான் நேரா மூஞ்சியில அடிக்கும். திருப்பி வைங்கன்னு இவங்ககிட்ட ஆறு வருசமா சொல்லிட்டேன், கேக்க மாட்டாங்க. கழுத்துவரைக்கும் போர்வ போட்டுக்குங்க.” பந்திப் பக்கம் கைகாட்டி, “வாங்க, சாப்பிடலாம்,” என்றார்.

படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தோம். காரிய வீட்டில் சாப்பிடாமல் எழக் கூடாது. உஷாராணி பந்தியின் கோடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், எங்கள் பக்கம் பார்க்கவில்லை. இலை போட்டார்கள். சோறு, கீரை, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், ஆளுக்கொரு வாழைப்பழம். பருப்பு வாளியும் ரசமும் பின்னால் வந்துகொண்டிருந்தன. டயாலிசிஸ் ஆட்களுக்குப் பொட்டாசியமும் நீரும் கூடினால் ஆபத்து, அந்த இலையில் பாதிக்கு மேல் அவர்களுக்கு ஆகாது. கோமளா ஆன்ட்டி சோற்றைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று சொல்லி அந்த வீட்டை நோகடிக்க மனமில்லாமல்.

உஷாராணி நடந்து வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன். குனிந்து ஆன்ட்டியின் இலையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்தாள். கீரையை வழித்து ஓரத்துக்குத் தள்ளினாள், உருளைக்கிழங்கையும் தள்ளினாள். “தம்பி, இவங்களுக்குப் பருப்பு ஊத்தாதீங்க, ரசமும் வேணாம்,” என்று வாளிக்காரரிடம் சொன்னாள். தண்ணீர்க் குவளையை எடுத்துப் பாதியைக் கீழே கொட்டிவிட்டு வைத்தாள். மளமளவென்று, யோசிக்காமல், ஆறு வருஷம் செய்த கை. எல்லாம் முடிந்தபிறகுதான் தான் யாருடைய இலையில் கை வைத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. வாழைப்பழம் கையிலேயே இருந்தது.

“உக்காரும்மா,” என்றார் கோமளா ஆன்ட்டி. “நீ இன்னும் சாப்டிருக்க மாட்ட.”

அவள் அழுதாள். கலைமகள் எழுந்து தன் இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு, வாளிக்காரரிடமிருந்து சோற்று வாளியை வாங்கிக்கொண்டாள். பந்தியின் மறுகோடியில் சிவசாமி அங்கிள், ஜெயா அக்கா என்று சென்டர் ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பரிமாறிக்கொண்டு எங்கள் வரிசைக்குத் திரும்பி வந்தாள்.

கோமளா ஆன்ட்டி இலையிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: “நாளைக்கு மலாக்காவுக்குப் போன் போட்டு, வேணாம்னு சொல்லிடு.”

“நேத்தே மெசேஜ் போட்டுட்டேன்மா.”

ஆன்ட்டி நிமிர்ந்தார். நானும் நிமிர்ந்தேன். நேற்றே சொல்லிவிட்டுத்தான் அந்த வாசலில் வந்து நின்றிருக்கிறாள்.

“ஏண்டி? அந்த வீடு ஒனக்குப் புடிச்சிருந்துச்சே.”

“புடிச்சிருந்துச்சு,” என்றாள் கலைமகள். உஷாராணியின் இலையில் சோறு வைத்தாள். “அந்த எடத்துக்கும் யாராச்சும் தெனம் போன் அடிச்சிட்டிருப்பாங்கம்மா.”

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.